கத்திரியக்காவின் கார்டு

அத்தியாயம் 11

பழுப்பு உறையைப் பிரித்தது மகள். வாசித்ததும் அவள்தான். கேட்டுக்கொண்டிருந்தவள் கத்திரியக்கா. போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை, வீட்டுக்காரரைத் தவிர. அவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்குகிற மனிதர், தலை சாய இடம் கிடைத்தால் போதும் அவருக்கு.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பள்ளிச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் துணி வெட்டியவள் கத்திரியக்கா. அந்தப் பெயரே அங்கே வைத்ததுதான். முடக்குவாதம் வந்து விரல்கள் மடங்கிப்போனதும் நான்கு வருடம் வீட்டோடு இருந்தாள். வாரம் ஓர் ஊசி என்று ஆன பிறகு விரல்கள் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கின. ஆறு வாரத்துக்கு முன் மறுபடி வேலைக்குப் போனாள். கத்தரிக்கோலைத் தொட முடியாது. தைத்து வந்த சட்டைகளில் பிசிறு, கோணல், விட்டுப்போன தையல் பார்க்கிற செக்கிங் மேசையில் வேலை. காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு வரை, வாரத்துக்கு இருபது மணி நேரம். அதற்கு மேல் போனால் உடல்நல உதவித்தொகை நின்றுவிடும். தொகை நின்றால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மருத்துவ அட்டையும் போய்விடும். அட்டை இல்லாவிட்டால் ஊசி இல்லை. ஊசி இல்லாத நாட்கள் எப்படி இருந்தன என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் உதவித்தொகை அலுவலகத்தின் கடிதம். தொழிற்சாலை அனுப்பிய வருகைப் பட்டியலின்படி ஆறு வாரமும் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வேலை செய்திருக்கிறீர்கள், நாளை மூன்று மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும், தவறினால் தொகை நிறுத்தப்படும். அந்த நாளை இன்று விடிந்துவிட்டது.

காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கத்திரியக்கா. பின்னால் நின்று அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். நான்கு வருடப் பழக்கம். கேபிள் முறுக்குகிற கை என்பதால் பின்னல் சாயங்காலம் வரை அசையாது.

"இறுக்காதீங்க. தலைதான், லிஃப்ட் இல்ல."

"லிஃப்ட்டா இருந்தா இவ்வளவு பேசாது."

மகள் கடிதத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் படிவம், மனு, கடிதம் எதுவானாலும் அவள் கைதான். அம்மா சொல்வாள், அவள் எழுதுவாள், கீழே அம்மா கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்துப் போடுவாள். நான்கு வருடத்தில் மகளுக்கு உதவித்தொகை விதிகள் அத்தனையும் தலைகீழாகத் தெரியும்.

"அம்மா, இது ஆபீஸ்ல எவனோ பண்ணின தப்பு. எல்லாருக்கும் எட்டு மணி நேரம்னு போட்டுட்டே வந்திருப்பான், உனக்கும் போட்டிருப்பான்."

"அப்படித்தான் இருக்கும். இன்னைக்குப் போய் கார்டையே எடுத்துப் பார்த்துடறேன்."

"பார்க்கறதோட நிக்காதே. போட்டோ எடுத்துட்டு வா. மூணு மணிக்கு அதைத்தான் காட்டணும்."

"உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு வாங்க," என்றார் வீட்டுக்காரர், பின்னலின் முனையில் ரப்பர் பேண்டைச் சுற்றியபடி. "நம்ம மேல தப்பு இல்ல. எதுக்குப் பயம்?"

பயம் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் கத்திரியக்கா கிளம்பினாள்.

தொழிற்சாலை வாசலில் காவலாளியின் அறையை ஒட்டி கார்டு மெஷின் இருக்கிறது. பக்கத்திலேயே மரத்தாலான ஸ்டாண்டு, வரிசை வரிசையாகக் கார்டுகள். கார்டை மேலே இருக்கும் வாயில் செருகி, பக்கத்துப் பிடியை ஓங்கி அழுத்தினால் மணி பதியும். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்தப் பிடியோடு அவள் மல்லுக்கட்டினாள். அசையவில்லை. இருபது வருடத்துக்கு முன் அவள் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு, அவ்வளவுதான். அன்றைக்கு அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டவள் பட்டன்.

"நீ போய் உட்காருக்கா. இதை நான் பார்த்துக்கறேன். இனிமே இந்தப் பக்கம் வராதே."

பட்டன் தைக்கும் மெஷினில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் என்பதால் பட்டன். அன்றிலிருந்து ஆறு வாரமாகக் கத்திரியக்கா கார்டு பக்கமே போகவில்லை. போக வேண்டிய அவசியமும் வரவில்லை. செக்கிங்கில் கூலி, பார்த்து முடித்த சட்டைகளின் எண்ணிக்கைக்கு. கார்டு வருகைக்கு மட்டும்.

இன்றைக்குத் தன் கார்டைத் தானே எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். இந்த மாதத்தின் ஒன்பது நாட்கள் அதில் இருந்தன. உள்ளே வந்தது எட்டு இருபத்தொன்று. வெளியே போனது ஐந்து முப்பத்துநாலு. மறுநாள் எட்டு பத்தொன்பது, ஐந்து முப்பத்திரண்டு. எந்த நாளிலும் பத்தும் இல்லை, இரண்டும் இல்லை.

கை தானாகப் பட்டனின் கார்டை உருவியது. எட்டு இருபத்தொன்று, ஐந்து முப்பத்துநாலு. இரண்டு கார்டும் அச்சு அசலாக ஒன்று.

ஆபீஸ்காரன் தப்பு செய்யவில்லை. மெஷினுக்கு மேலே சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருந்தது. அடுத்தவர் கார்டைப் பதிவு செய்பவர் எச்சரிக்கையின்றி வேலையிலிருந்து நீக்கப்படுவார். வெறும் மிரட்டல் இல்லை அது. போன வருடம் பேக்கிங்கில் இரண்டு பேரை அதே காரணத்துக்காக வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று வந்த அன்றைக்கே பட்டன்தான் சொன்னாள்.

கத்திரியக்கா கார்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். போட்டோ எடுக்க வேண்டும் என்பது மறந்தே போயிற்று.

செக்கிங் மேசை ஜன்னலோரம். அங்கிருந்து பார்த்தால் அவளுடைய பழைய மேசை தெரியும். இருபதடி நீளம். நாற்பது மடிப்புத் துணியை அதன்மேல் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மெஷின் வெட்டும் முன் முதல் உருப்படியைக் கையால் வெட்டிக் காட்ட வேண்டும். அது அவள் வேலை. பெரிய கத்தரிக்கோல், அவள் முழங்கை நீளம். காலர் வளைவை ஒரே மூச்சில் வெட்டுவாள். நடுவில் நிறுத்தினால் விளிம்பு படிக்கட்டாகிவிடும் என்று புதிதாக வருகிறவர்களை அதட்டுவாள். மகளுக்கு அப்போது நான்கு வயது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாட்களில் அந்த மேசைக்குக் கீழேதான் இருப்பாள். மேலிருந்து விழும் நீலத் துண்டுகளை அடுக்கி வீடு கட்டுவாள், தூக்கம் வந்தால் அதன்மேலேயே சுருண்டுகொள்வாள். மானேஜர் வருகிற சத்தம் கேட்டால் பட்டன் துணிச்சுருளை உருட்டிவந்து குழந்தையை மறைத்து நிறுத்திவிடுவாள்.

மத்தியான வேளையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். யார் டப்பாவில் யார் கை இருக்கிறது என்று தெரியாது. சிரித்துச் சிரித்துப் புரையேறும். அந்தக் கூட்டத்தில் இப்போது மிச்சம் பட்டன் ஒருத்திதான். திரும்பி வந்த முதல் நாள் எல்லோரும் கத்திரியக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள், புது முகங்கள். பட்டன் மட்டும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

இந்தக் கார்டு விவகாரத்தின் முதல் குற்றவாளி யார் என்று கேட்டால், நியாயமாகக் கத்திரியக்காவைத்தான் கைகாட்ட வேண்டும். பட்டனுக்குக் குழந்தை பிறந்து மூன்றாவது மாதம் வேலைக்கு வந்துவிட்டாள். ஐந்தரை மணிக்குள் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும், கண்ணில் தண்ணீர் நிற்கும். "நீ ஓடுடி, உன் கார்டை நான் அடிச்சிக்கறேன்" என்று ஐந்து மணிக்கே அவளைப் பின்வாசல் வழியாகத் துரத்தியது கத்திரியக்கா. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எட்டு மாதம். அப்புறம் அது அந்த மேசையின் வழக்கமாகவே ஆயிற்று. ஒருத்தி வீட்டில் காய்ச்சல், ஒருத்திக்குப் பேருந்து தாமதம், யார் முதலில் வந்தாலும் அடுத்தவள் கார்டையும் சேர்த்து அடிப்பாள். அப்போது பலகை இல்லை. பழைய மானேஜர் எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவராக இருந்தார்.

பத்தரை மணிக்குத் தேநீர் இடைவேளை. பட்டனின் முழங்கையைத் தொட்டு, அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலைக்குக் கூட்டிப் போனாள்.

"என் கார்டுல எட்டரைலேர்ந்து அஞ்சரை வரைக்கும் அடிச்சிருக்கே."

பட்டன் முகத்தில் குறும்பு மின்னியது. "பார்த்துட்டியா? சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"ஏன்டி அப்படிப் பண்ணினே?"

"பின்னே என்ன பண்றது? ஆள் குறைக்கப் போறாங்கன்னு ஒரே பேச்சு. அரை நாள் கார்டா இருந்தா முதல்ல அதைத்தான் உருவுவாங்க. நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கே, மறுபடி உன்னை வீட்டுக்கு அனுப்ப விட்டுடுவேனா? எனக்கு எட்டு மாசம் அடிச்சவ நீ. நான் ஆறு வாரம் அடிச்சா குறைஞ்சா போயிடுவேன்?"

கத்திரியக்காவுக்குக் கோபப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. உதவித்தொகை வாங்குகிற விஷயத்தை அவள் தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை. பட்டனிடம்கூட. சும்மா இருந்து வாங்குகிறாள் என்று ஒரு சொல் காதில் விழுந்துவிடுமோ என்கிற கூச்சம். எத்தனையோ பேருக்குக் கொடுத்துப் பழகிய மனுஷிக்கு, வாங்குகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் பட்டன் இந்தக் காரியத்தைக் கனவிலும் செய்திருக்க மாட்டாள்.

இப்போது சொன்னாள். இருபது மணி நேரம், தொகை, அட்டை, ஊசி, மூன்று மணி. கேட்கக் கேட்கப் பட்டனின் முகம் வெளுத்தது. கையிலிருந்த தேநீர் ஆடைகட்டிப் போயிற்று.

"சூப்பர்வைசர்கிட்ட லெட்டர் வாங்கிட்டுப் போயேன்? நீ பத்து மணிக்குத்தான் வர்றேன்னு அவருக்குத் தெரியுமே."

"தெரியும். அவர் லெட்டர் குடுத்தா அடுத்த கேள்வி என்ன? கார்டை அடிச்சது யாருன்னுதானே கேப்பாங்க?"

பட்டன் கத்திரியக்காவின் தலைக்கு மேலே எங்கோ பார்த்தாள். பட்டன் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அன்றைக்குப் பால் கட்டிக்கொண்டதே, அந்தக் குழந்தை இப்போது கல்லூரியில் முதல் வருடம்.

"பையன் படிப்பு முடியற வரைக்கும்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "உனக்கு எது சரியோ அதைச் செய்யுக்கா" என்றாள்.

"உன் பேரை நான் சொல்ல மாட்டேன்."

"ஊசிக்கு என்ன பண்ணுவே?"

"அதைப் பத்தி நீ கவலைப்படாதே."

கவலைப்படாதே என்று சொல்வது எவ்வளவு சுலபம். மணி அடித்தது. அதற்குப் பிறகு பார்த்த சட்டைகளில் எதில் பிசிறு இருந்தது, எதில் இல்லை என்று கேட்டால் கத்திரியக்காவுக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டு மணிக்கு மகள் வாசலில் காத்திருந்தாள். பேருந்து நிறுத்தம் வரை நடப்பதற்குள் விஷயம் முழுவதும் சொல்லி முடித்தாகிவிட்டது. மகள் நடையை நிறுத்தினாள்.

"அப்போ ரொம்ப சுலபம். பட்டன் சித்திதான் அடிச்சாங்கன்னு சொல்லிடு."

"சொன்னா அவ வேலை போயிடும்."

"சொல்லலைன்னா உன் ஊசி போயிடும்."

"போனா போகட்டும். நாலு வருஷம் சமாளிக்கலையா?"

"யாரு சமாளிச்சது?" மகள் குரலை உயர்த்தவில்லை. "பல் தேய்ச்சு விட்டது நான். சாப்பாடு ஊட்டினது நான். குழாயைத் திறக்க முடியாம பாத்ரூம்ல நின்னு நீ அழுதியே, வெளியில நின்னு கேட்டது நான். நீ மறந்துட்டே. எனக்கு மறக்கல."

கத்திரியக்கா மறந்துவிட்டாள் என்பது உண்மை இல்லை. பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

உதவித்தொகை அலுவலகத்தில் எல்லாச் சுவரும் வெளிர்பச்சை. டோக்கன் எண் கூப்பிடும் வரை நீளமான இரும்பு பெஞ்சில் உட்கார வேண்டும். ஏழாம் எண் அறையில் இருந்த அதிகாரி அம்மாள் கத்திரியக்காவின் வயதுதான். கோப்பு, அதன் மேல் கண்ணாடிக் கூடு, அதன் மேல் ஒரு மாத்திரை டப்பா. அவருக்கும் ஏதோ உடம்பு போலிருக்கிறது.

"நீங்க நாற்பது மணி நேரம் வேலை செஞ்சீங்களா?"

"இல்லைங்க. பத்துலேர்ந்து ரெண்டு வரைக்கும்தான்."

"அப்போ கார்டு?"

"என்னால அந்தப் பிடியை அழுத்த முடியாது. இன்னொருத்தர்கிட்ட விட்டேன். அவங்களுக்கு என் விஷயம் தெரியாது. நல்லது செய்யறதா நினைச்சு முழு நாளா அடிச்சிட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

"யாரு அவங்க?"

கத்திரியக்கா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். அதிகாரி அம்மாள் ஒரு படிவத்தை மகள் பக்கம் தள்ளினார்.

"நான் உங்களை நம்பறேன்மா. நான் நம்பி மட்டும் ஒண்ணும் ஆகாது. இதுல அஞ்சாவது கேள்வி, கார்டைப் பதிவு செஞ்சவர் யாருன்னு. அதை நிரப்பாம குடுத்தா நான் இன்னைக்கே ஃபைலை மூடியாகணும், எனக்கு வேற வழியில்ல. வெளியில உட்கார்ந்து எழுதிட்டு வாங்க."

இரும்பு பெஞ்சில் மகள் மடியில் கோப்பை வைத்து எழுதினாள். அம்மா ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஐந்தாவது கேள்வி வந்தது.

"'உதவி செய்தவரின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை'ன்னு எழுது."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. மகள் படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். கத்திரியக்கா பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. நான்கு வருடத்தில் மகள் எழுதியதை ஒரு நாளும் அவள் படித்துப் பார்த்ததில்லை.

அதிகாரி அம்மாள் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார், நகலைக் கிழித்துக் கொடுத்தார்.

"சரி. தொகை தொடரும். தொழிற்சாலைக்கு நாளைக்குக் காலையில எங்க லெட்டர் போயிடும். இனிமே கார்டை நீங்களே கண்ணால பார்த்துக்கங்க."

கத்திரியக்காவால் நம்பவே முடியவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. அந்தம்மாவுக்கு எவ்வளவு நல்ல மனசு, உடம்பு நோகிறவர்களுக்குத்தான் அடுத்தவர் நோவு தெரியும் என்று வழி நெடுகப் புகழ்ந்துகொண்டே வந்தாள். மகள் "ம்" கொட்டினாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தாய்.

வீட்டுக்காரர் அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நகலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் தோரணையில் சத்தமாகப் படித்தார். முதல் கேள்வி, இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதுக்கு வந்ததும் ஒரு பெண்ணின் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யாரு? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

அவருக்குத் தெரிய நியாயமில்லை. பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டில் பட்டனை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. மகளுக்குத் தெரியும். பட்டனின் பையனுக்குக் கல்லூரி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

கத்திரியக்கா மகளைப் பார்த்தாள். மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"நான் சொன்னது என்ன, நீ எழுதினது என்ன?"

"நீ சொன்னதை எழுதியிருந்தா இந்நேரம் ஃபைலை மூடியிருப்பாங்க."

"உன்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"தெரியும்." மகள் அழ ஆரம்பித்தாள். "திட்டு. அடி. பேசாமகூட இரு. நீ மறுபடி குழாயைத் திறக்க முடியாம நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

கையில் அடிக்கிற வலு இல்லை, வாயில் திட்டுகிற வலுவும் வரவில்லை. ஆறு வாரமாக ஒருத்தி அவளுக்காகக் கார்டு அடித்தாள், அவளைக் கேட்கவில்லை. இன்னொருத்தி அவளுக்காகப் படிவம் எழுதினாள், அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அவள்மேல் உயிர். அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் யாரை நொந்துகொள்வது என்று தெரியவில்லை. தன் காரியத்தைத் தன் கையால் செய்துகொண்டிருந்த அந்த நாட்கள்மேல் அப்போது அவளுக்கு வந்த ஏக்கம், கத்தரிக்கோலை நினைத்தபோதுகூட வந்ததில்லை.

"நாளைக்கு லெட்டர் போயிடும்," என்றாள். "அதுக்கு முன்னாடி நான் போய்ச் சொல்லிடணும்."

"நான் கொண்டுபோய் விடறேன்," என்று வீட்டுக்காரர் எழுந்தார்.

"வேண்டாம். இவ வரட்டும்." மகளிடம் திரும்பினாள். "அங்க வந்து நீ வாயைத் திறக்கக் கூடாது."

பட்டன் வீடு நான்கு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை. வெளிச்சம் இன்னும் போகவில்லை. அந்தத் தெருவில் எத்தனை சாயங்காலம் நடந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொருத்தி தன் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரிகிற முனை வந்தும் பேச்சு முடியாமல் இருபது நிமிடம் நின்றபடியே பேசுவார்கள். இன்றைக்கு எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். வாசல் வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. பட்டன் ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"அக்கா, போன காரியம் என்னாச்சு?"

"தொகை தொடரும்னு சொல்லிட்டாங்க."

"அப்பாடா." பட்டன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "மத்தியானத்துலேர்ந்து ஒரு வாய் இறங்கலை எனக்கு. வா, உள்ளே வா."

கத்திரியக்கா வாசற்படியைத் தாண்டவில்லை.

"உன் பேரை எழுதிக் குடுத்துட்டேன்டி. நாளைக்கு லெட்டர் வரும்."

பட்டன் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

பட்டன் அவள் வலது கையைப் பிடித்தாள். கோணிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிடித்தது மெதுவாகத்தான், வலிக்காமல் பிடிக்க அவளுக்குத் தெரியும். பிறகு கையை விட்டுவிட்டு, கத்திரியக்காவின் தோளுக்கு மேலாக, இரண்டு படி கீழே தலைகுனிந்து நின்றிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"அக்கா, நீ இங்கேயே இரு," என்றாள். பிறகு மகளிடம், "நீ உள்ளே வா."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா விலகி வழிவிட்டாள். துணிச்சுருளை உருட்டிவந்து மறைத்தவளின் வீட்டுக்குள், மறைந்திருந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து ஒரு கத்தலாவது, ஓர் அழுகையாவது கேட்காதா என்று கத்திரியக்கா கதவில் காதை வைத்து நின்றாள். ஒரு சத்தமும் இல்லை.